ஓடும் தண்ணீரில் ஒரு கை

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது பிரவீனா ஊசித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. பரமத்தி வேலூரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரம் என்பதால் மருத்துவமனைக்குக் கூட்டமே வரவில்லை.

ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியவர் ஆத்தாயி. பிரவீனாவின் மாமியார். அவருக்குப் பின்னால், வலது கையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குணசீலன்.

பிரிந்து இரண்டு வருடம். பிரவீனா ஜேடர்பாளையத்தில் அண்ணன் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்து போகிறாள். அவன் பைபாஸ் ஓரத்தில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். வேலை செய்கிற ஊர் ஒன்றுதான். ஆனாலும் மனைவி பஸ் ஏறும் நேரத்தில் கணவன் டீக்கடைக்குப் போகமாட்டான். கணவன் பட்டறை திறந்திருக்கும் பக்கம் மனைவி திரும்பமாட்டாள். அப்படியே ஓடிவிட்டது.

"சிஸ்டர்..." என்று கூப்பிட்டுக்கொண்டே வந்த ஆத்தாயி, முகத்தைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். "நீயா டூட்டி?"

"நான்தானுங்க அத்தை. என்னாச்சு?"

"கையில காஸ்டிக்குப் பட்டுப்போச்சு. எலுமிச்சம்பழம் தேச்சு உட்டுருக்கறேன். ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைங்கறான். நாந்தான் இழுத்தாந்தேன்."

"வலியே இல்லை" என்றான் குணசீலன், சுவரைப் பார்த்து.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரவீனா ஊசித் தட்டைக் கீழே வைத்தாள். ஆசிட் பட்டவர்கள் அலறிக்கொண்டு வருவார்கள். காரம் அப்படியில்லை. தோலைச் சோப்பாகக் கரைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். நரம்பு வெந்துபோன இடத்தில் வலி எங்கிருந்து வரும்?

கையுறையை மாட்டிக்கொண்டாள். துண்டை எடுத்துத் தூரப் போட்டாள். சட்டையின் கையைத் தோள்வரை கத்தரித்து எறிந்துவிட்டு, அவனைப் பெரிய தொட்டிக் குழாய்க்கு இழுத்துப் போனாள். விரல்கள் கீழே பார்த்திருக்கும்படி கையைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டாள். ஓடுகிற தண்ணீர் விரல் வழியாகத்தான் இறங்க வேண்டும். முழங்கைப் பக்கம் வரக்கூடாது.

டாக்டர் அபிநயா அதற்குள் வந்துவிட்டாள். சேலத்துப் பெண், போன வருடம்தான் இங்கே மாற்றலாகி வந்தவள். அவளுக்கு இவர்கள் யாரென்று தெரியாது.

"காஸ்டிக் சோடாவா? கண்ணுல தெறிச்சுதா? வாயில?"

"இல்லைங்க. கையில மட்டுந்தானுங்க."

"எப்படி? கிளவுஸ் போடலையா?"

"போட்டிருந்தனுங்க." குணசீலன் சற்றுத் தயங்கினான். "கோயில் இரும்பு கேட்டுக்குப் பழைய பெயிண்டை உரிக்கணும். நோம்பிக்கு முன்னாடி முடிக்கணும்னு காஸ்டிக் கரைச்சு தொடைச்சுக்கிட்டிருந்தேன். கிளவுஸை இழுத்து மாட்டுனா கையில கட்டுன காப்பு நூலு அறுந்துருமேன்னு, கிளவுஸ் வாயை மடிச்சு காப்புக்குக் கீழயே உட்டுக்கிட்டேன்."

அபிநயா அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். "அப்போ கையைத் தூக்கி இறக்குறப்பெல்லாம் காஸ்டிக் உள்ள இறங்கியிருக்கு."

"வேர்வைன்னு நெனச்சேனுங்க. வழவழன்னு இருந்துச்சு. ஒரு பக்கம் முடியட்டும்னு..."

"அதோடவே வேலை செஞ்சீங்க."

"ஆமாங்க."

"அப்புறம் கழுவினீங்களா?"

"வெரலை மட்டும் தண்ணியில காட்டுனனுங்க. காப்புப் பக்கம் தேய்க்கலை."

ஓடும் தண்ணீருக்கு அடியில் கை மெல்லத் தெரிந்தது. புறங்கை முழுக்கச் சாம்பல் பூத்த வெள்ளை. நடுவே அங்கங்கே பழுப்பு. சுண்டு விரலும் மோதிர விரலும் மற்றவற்றைவிட வீங்கியிருந்தன. மணிக்கட்டைச் சுற்றிச் சதை பிதுங்கி, அதற்குள் நூல் புதைந்து கிடந்தது.

"மோதிரம் இருந்துச்சா?" என்று அபிநயா கேட்டாள்.

"வேலைக்கு முன்னாடி கழட்டிருவனுங்க. சாவிக்கொத்துல கெடக்குது."

அவன் இன்னும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பது பிரவீனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

அபிநயா ஒவ்வொரு நகமாக அழுத்திவிட்டுப் பார்த்தாள். கட்டை விரலில் சிவப்பு உடனே திரும்பியது. ஆள்காட்டியிலும் நடுவிரலிலும் கொஞ்சம் தாமதம். கடைசி இரண்டில் வெள்ளை வெள்ளையாகவே நின்றது. ஊசி முனையால் தொட்டாள்.

"தெரியுதா?"

"எதுங்க?"

அபிநயா பிரவீனாவைப் பார்த்தாள். "சிஸ்டர், நூலை எடுங்க. வீக்கம் ஏற ஏற இது இறுக்கும். ரத்தம் போகலைன்னா ரெண்டு விரலும் கஷ்டம்."

பிரவீனா கத்தரியை எடுத்ததுதான் தாமதம், ஆத்தாயி இடையில் புகுந்துவிட்டார்.

"அய்யோ சாமி! காப்பையா? அம்மனுக்குக் கட்டினதை இங்க வச்சு அறுக்கறதா? செவ்வாக்கெழமை அக்கினிச்சட்டி எடுக்கோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. நீங்க வேற மருந்து எதுவானாலும் போடுங்க."

"அம்மா, இது மருந்து விஷயம் இல்லை."

"கொஞ்சம் பாருங்க டாக்டரம்மா, காப்பு எப்படிச் செவந்து கெடக்குதுன்னு! மஞ்சளா இருந்த நூலு. காத்தாலகூடப் புதுசாக் கட்டுனாப்புல இருந்துச்சு. அம்மன் கோவிச்சிருக்கறா. இன்னேரத்துல அறுத்தா என்னாகும்?"

பிரவீனா குனிந்து பார்த்தாள். மஞ்சள் தோய்த்த நூல். அதில் முடிந்திருந்த மஞ்சள் துண்டு. இரண்டும் குங்குமத்தில் முக்கி எடுத்ததுபோல் சிவந்திருந்தன. தண்ணீர் பட்டும் அந்தச் சிவப்பு கலையவில்லை. பிதுங்கிய சதையின் இடுக்கில் தண்ணீர் போகவே இல்லை.

"அத்தை" என்றாள். தன் குரல் இவ்வளவு பதமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "ஆரத்தி கரைக்கறப்ப மஞ்சத்தண்ணியில என்ன போடுவீங்க?"

"ஏன், சுண்ணாம்பு."

"என்ன நெறம் வரும்?"

"செவப்பு" என்றார் ஆத்தாயி.

"சுண்ணாம்பும் காரம், இதுவும் காரம். மஞ்சள்ல பட்டா செவக்கும். நூல்ல இன்னும் காஸ்டிக் இருக்குதுங்க. அது அங்க இருக்கற வரைக்கும் நாம எத்தனை தண்ணி ஊத்துனாலும் அடியில வெந்துக்கிட்டேதான் இருக்கும்."

ஆத்தாயி நூலையே உற்றுப் பார்த்தார். தன் கல்யாணத்திலிருந்து ஊரில் எத்தனை மணவறைக்கு ஆரத்தி கரைத்திருப்பார்! அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகம் சொன்னது. ஆனால் புரிவது வேறு, துணிவது வேறு.

"பூசாரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமே. அவரு வந்து அவுத்து உட்டாருன்னா..."

"அவர் வர வரைக்கும் விரல் காத்திருக்காதும்மா" என்ற அபிநயா, குணசீலன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லணும். உங்க கை."

குணசீலன் தலையைக் குனிந்தான். பிரவீனாவுக்கு அந்தக் குனிவு தெரியும். அன்றும் இப்படித்தான் நின்றான். நாலு மாதக் கரு கலைந்து அவள் பாயில் கிடந்த வாரம். உறவுக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் ஆத்தாயி சொன்னார்: "ராத்திரி டூட்டி ராத்திரி டூட்டின்னு கண்ணு முழிச்சா வவுத்துல என்னத்த தங்கும்?" அவள் கணவனைப் பார்த்தாள். அவன் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கடைசிவரை நிமிரவில்லை. அந்த வாரமே அவள் ஜேடர்பாளையம் போய்விட்டாள்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்தான்.

"அம்மா, செத்த அக்கட்டால போ."

"டேய்..."

"போன்னு சொல்றேன்ல? அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். தப்புன்னா என்னைக் கேக்கட்டும். உன்னையும் இல்லை, அவளையும் இல்லை." பிறகு மனைவியைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் முதல்முறை. "வெட்டு பிரவீனா."

ஆத்தாயி நகர்ந்தார். மகன் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. கோபப்படக்கூட மறந்து நின்றார்.

பிரவீனா கத்தரியின் மழுங்கிய முனையை நூலுக்கடியில் நுழைத்தாள். நறுக். நூல் இரண்டாகி விழுந்தது. அது கிடந்த இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி வளையம்போல் ஒரு பள்ளம், பழுப்பாக. அங்கே தண்ணீரைத் திருப்பினாள். குணசீலன் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தான்.

"வலிக்குதா?"

"எரியுது."

"நல்லது" என்றாள் அவள். அவன் விழித்தான்.

வலிக்கு ஊசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்று. இனி வைத்தியம் என்பது தண்ணீரும் பொறுமையும்தான் என்று அபிநயா சொன்னாள். "ஒரு மணி நேரமாவது ஓடணும். அப்புறம் லிட்மஸ் தாள் வச்சுப் பாக்கலாம், காரம் போயிருச்சான்னு. கை நழுவாம நீங்க பிடிச்சுக்கோங்க சிஸ்டர். இனி எலுமிச்சம்பழம், மோர், மஞ்சள் எதுவும் வேண்டாம்மா. ஒண்ணை ஒண்ணு முறிக்கப் போனா அந்தச் சூட்டிலயே இன்னும் வேகும்." கடைசியாகச் சொன்னது ஆத்தாயிக்கு. அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்!

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். புதிதாகக் கல்யாணமாகி வந்த நாட்களில் அவன் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மஞ்சள் இருந்தால் மணல் டிப்பர். பச்சையும் சிவப்பும் கலந்திருந்தால் வடக்கே போகிற வண்டி. வெள்ளி நிறம் என்றால் தண்ணீர் டேங்கர். "இன்னிக்கு என்ன, பால் வண்டியா?" என்று கேட்டால், "உனக்கு எவன் சொன்னான்?" என்று ஆச்சரியப்படுவான். மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்புப் போட்டு, பிறகு அவளிடம் நீட்டுவான். "மோந்து பாரு. வாசம் போயிருச்சா?" போயிருக்காது. அந்தப் பெயிண்ட் தின்னர் வாசம் தலையணை உறையில்கூட இருந்தது. ஜேடர்பாளையம் போன புதிதில் அண்ணன் வீட்டுத் தலையணையில் அவளுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான். யாரிடம் சொல்ல முடியும்?

ஒருமுறை ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் போயிருந்தார்கள். மதகில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வறுத்த மீன் வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்கள். அவன் ஆற்று மணலை அள்ளி அள்ளிக் கை தேய்த்தான். "இப்பப் பாரு, மாப்பிள்ளை கை" என்று காட்டினான். உண்மையிலேயே அன்று ஒரு பொட்டு நிறம் இல்லாமல் இருந்தது. அந்தக் கையால் முள் எடுத்து எடுத்து மீனை அவளுக்கே கொடுத்துவிட்டு, தலையை மட்டும் அவன் தின்றான்.

"எத்தனை மணி பஸ்ஸுல போற இப்பெல்லாம்?" என்றான் குணசீலன் திடீரென்று.

"டூட்டியைப் பொறுத்து."

"ராத்திரி டூட்டி?"

"அதுவும் இருக்குது." குரலில் கொஞ்சம் முள் வைத்துத்தான் சொன்னாள்.

வெளியே ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து நின்றது.

"அக்கினிச்சட்டி எதுக்காம்?" என்று அவள் கேட்டாள். "முன்னெல்லாம் சட்டி எடுக்கறவங்களைப் பாத்தா எட்டி நிப்பீங்களே. அனலு ஆகாதுன்னு."

"போன வருசமும் எடுத்தேன்."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்."

"சொன்னா சிரிப்ப."

"சிரிக்கற நெலமையிலயா இருக்கறோம்?"

அவன் தண்ணீரையே பார்த்தான். "நீ ராத்திரி டூட்டி முடிச்சு இருட்டோட பஸ் ஸ்டாண்டுல நிக்கறதை நம்ம பட்டறை ஆளு ஒருத்தன் பாத்துட்டு வந்து சொன்னான். நல்லபடியா போய்ச் சேரணும்னு வேண்டிக்கிட்டேன். அவ்வளவுதான்."

"பஸ்ஸுல போறதுக்கு ஒரு சட்டியா?"

"வேற என்ன கேக்கறதுன்னு தெரியலை, புள்ள. திரும்பி வரோணும்னு கேக்க எனக்கு வாயில்லை."

பிரவீனா சிரிக்கவில்லை. அவன் கையை இன்னும் கொஞ்சம் சாய்த்து, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் தண்ணீர் போகும்படி விரித்தாள். அங்கேதான் அதிகம் தங்கும்.

ஆத்தாயி எங்கோ போய் இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை மகன் வாயருகே கொண்டுபோனார். "ஊதிக் குடி." அவன் குடித்து முடித்ததும் இன்னொரு கோப்பையோடு இந்தப் பக்கம் வந்தார்.

"வேண்டாங்க அத்தை. கை எடுக்க முடியாது."

"எனக்குக் கண்ணு இல்லியா? வாயைத் தொற."

"அத்தை..."

"காத்தால என்ன தின்ன? அண்ணம் பொண்டாட்டி ஆக்கிப் போட்டாளா, இல்லை வெறும் வவுத்தோட பஸ் ஏறுனியா? மூஞ்சியப் பாரு, சுண்டைக்காயாட்டம். குடி."

பிரவீனா குடித்தாள். இனிப்பு தூக்கலாக இருந்தது. உதட்டோரம் வழிந்ததை ஆத்தாயி தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்க முடியாத ஏதோ ஒன்று அந்த ஒரு மடக்கில் இருந்தது. கோப்பையைக் கசக்கிக்கொண்டே, "அன்னிக்கு நானும்..." என்று ஆரம்பித்த ஆத்தாயி, முடிக்காமல் குப்பைத் தொட்டியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அபிநயா திரும்பி வந்து, குழாயை நிறுத்திச் சற்றுப் பொறுத்துவிட்டு, சிறிய தாளை ஈரத் தோலில் ஒற்றினாள். மணிக்கட்டில் அது இன்னும் நீலம் காட்டியது. மறுபடி தண்ணீர். மறுபடி தாள். மூன்றாவது தடவைதான் நிறம் மாறாமல் நின்றது.

"போதும். ஆனா மணிக்கட்டுல ஆழமா போயிருக்கு. காயம் கையைச் சுத்தி வந்திருக்கறதால இன்னும் வீங்கினா ரத்த ஓட்டம் நிக்கலாம். சேலத்துல கை சர்ஜன்கிட்ட பேசிட்டேன். உடனே அனுப்பச் சொல்றார். அங்க நாலஞ்சு நாள் தங்க வேண்டியிருக்கும். தோல் எடுத்து வைக்கணுமான்னு அவங்க பாப்பாங்க."

"விரல் ரெண்டும்?" என்று பிரவீனா கேட்டாள். நர்ஸாகக் கேட்கவில்லை. அபிநயா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். இதுவரை தனக்குத் தெரியாத ஒன்று தெரிந்துவிட்டதுபோல.

"நிறம் வருது. உணர்ச்சியை இப்ப சொல்ல முடியாது. வழி முழுக்கப் பாத்துக்கிட்டே போகணும்." பிறகு மெதுவாகச் சேர்த்தாள். "நீங்களே கூடப் போங்க சிஸ்டர். இங்க நான் ஆள் பாத்துக்கறேன்."

பிரவீனா ஆத்தாயியைப் பார்த்தாள். காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது என்று அவர் மறிப்பார் என்று காத்திருந்தாள்.

"பாக்கறதென்ன?" என்றார் ஆத்தாயி. "காப்புத்தான் போயிருச்சே, இனி எல்லையாவது ஒண்ணாவது. ஏத்துங்க அவனை. நான் ஊட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கிட்டுப் பொழுதோட பஸ்ஸுக்கு வாரேன். சட்டிக்கு என்ன, அடுத்த வருசம் எடுத்துக்கலாம். இல்லைன்னா நான் எடுக்கறேன். என்ற கைக்கு அனலு புதுசா?"

விரல்களுக்கு நடுவே தனித்தனியாகத் துணி வைத்து, இறுக்காமல் சுற்றி, நுனிகள் மட்டும் வெளியே தெரியும்படி பிரவீனா கட்டுப் போட்டாள். கொப்புளம் ஒன்றையும் உடைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் ஊரைத் தாண்டியது. வெற்றிலைத் தோட்டங்கள், வாழை, பிறகு நாமக்கல் சாலையின் லாரி வரிசை. குணசீலன் படுத்திருந்தான். கை நெஞ்சுக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், முழங்கைக்குக் கீழே தலையணைகளை அடுக்கி, அது சரியாமல் பிரவீனா தாங்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடுங்க. எந்த வெரலைத் தொடறேன்னு சொல்லணும்."

மூடினான்.

"கட்டை விரல்" என்றான். "இது ஆள்காட்டி. இது நடு."

அவள் மோதிர விரலின் நுனியில் தன் விரலை வைத்தாள். அவன் பேசவில்லை. சற்று அழுத்தினாள். சாலையில் ஒரு பெரிய லாரி ஹாரன் அடித்துக் கடந்தது.

"தொட்டுட்டியா?"

"தொட்டுட்டேன்."

"தெரியலையே."

விரலை எடுத்துவிட்டு, சுண்டு விரல் நுனிக்கு மாற்றினாள். வெகுநேரம் வைத்திருந்தாள். அவன் புருவம் சுருங்கியது.

"இரு... ஏதோ இருக்குது. எறும்பு ஊர்றாப்புல. ஓரத்துல. சுண்டு விரலா?"

"ஆமா."

"ஏமாத்தலையே?"

"உங்களை ஏமாத்தி எனக்கென்ன ஆகப்போகுது?"

அவன் கண் திறந்தான். அவள் அழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டான். "இன்னொன்னு வராம போச்சுன்னா? அது இல்லாம பெயிண்ட் அடிக்கற கன்னைப் புடிக்க முடியுமா தெரியலை."

"வந்தாலும் வரும். வரலைன்னா மத்த விரலை வச்சுப் புடிக்கப் பழகிக்கலாம். மொதல்ல ஆஸ்பத்திரி போய்ச் சேருவோம்."

"நாலஞ்சு நாளும் இருப்பியா?"

"லீவு எழுதிக் கொடுக்கோணும்."

"அதுக்கப்புறம்?"

பிரவீனா அவன் மோதிர விரலின் நகத்தை மெல்ல அழுத்தி விட்டுப் பார்த்தாள். வெள்ளையாகி, கொஞ்சம் தயங்கி, ஓரத்திலிருந்து சிவப்பு வந்தது. போதாது. ஆனால் காலையில் அதுவும் இல்லை. மறுபடி அழுத்தினாள்.

"என்ன தெரியுது?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

"வருது" என்றாள். "மெதுவாத்தான் வருது. பேசாம படுங்க."